தீ அணைந்த மறுநாள்

மதுரையை எரித்த பிறகு கண்ணகி எங்கே போனாள்? இளங்கோவடிகளைக் கேட்டால், மேற்கே நடந்து சேரநாட்டு மலையில் ஒரு வேங்கை மரத்தடியில் நின்றாள், பதினான்காம் நாள் கணவனோடு வானுலகம் ஏறினாள் என்பார். திருவொற்றியூர்க்காரர்கள் சொல்லும் கதை வேறு. ஆத்திரம் ஆறாமலே அவள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள். அவளை எப்படி அடக்குவது என்று தெரியாமல் ஈசன் தாயம் ஆடக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆட்டத்தின் நடுவே தாயக்கட்டை உருண்டு கிணற்றில் விழுந்தது. எடுப்பதற்கு அவள் உள்ளே இறங்கியதும் வட்டமான ஒரு பாறையைப் போட்டுக் கிணற்றை மூடிவிட்டார். தியாகராஜர் கோயிலில் இன்றும் வட்டப்பாறை அம்மனுக்குச் சந்நிதி இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை பதினைந்து நாள் உற்சவம்; மதுரை எரிந்ததன் நினைவாகப் பந்தலைக் கொளுத்துவதும் அதில் ஒரு வழக்கம். இதே அம்மனை ஆதிசங்கரர் சக்கரம் பதித்துச் சாந்தப்படுத்தினார் என்றும் சொல்வதுண்டு. கம்பர் இராத்திரியில் ராமாயணம் எழுதியபோது தீப்பந்தம் பிடித்து நின்றவள் ஒற்றியூர்க் காளி என்பது புலவர் கதைகளில் வருவது. ஊரை எரித்த தீ, கடைசியில் வேறொருவர் காவியம் எழுத வெளிச்சமானது. பாறை, சக்கரம், பந்தம் மூன்று கதையிலும் கேள்வி ஒன்றுதான்: இவளை என்ன செய்வது? இவள் இனி என்ன செய்வாள் என்று ஒரு கதையும் கேட்கவில்லை.

அதே கோயிலில் இன்னொரு பெண்ணின் கதையும் இருக்கிறது. ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியாரைச் சுந்தரர் மணந்தது இங்கேதான். பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. பெரியபுராணம் அவரோடு கூடவே நடக்கிறது: காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண், பரவையாரின் ஊடல், அதற்குத் தூது போன சிவன், முடிவில் வெள்ளை யானை. ஒற்றியூரில் நின்றுவிட்ட சங்கிலியார் மறுநாள் பொழுது விடிந்ததும் என்ன செய்தார் என்பதற்கு அதில் இடமில்லை. கடைசியில் கயிலையில் உமையின் தோழியாகத் திரும்பச் சேர்த்துவிடுவதோடு சரி. கண்ணகியையும் சங்கிலியாரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கதை எந்த நாளில் முடிகிறது என்பதே அழிவு யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. அழிவு நாளோடு முடியும் கதைக்கு ஒரு வீரனும் ஒரு கோபக்காரியும் போதும். மறுநாள் தொடங்கும் கதையில் ஆண்களில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். பிணத்தை அடையாளம் காட்டவும் தண்ணீர் பிடிக்கவும் அடுப்பு மூட்டவும் மிஞ்சியிருப்பவர்கள் பெண்கள். நம் நவீன நாடகம் கடந்த நாற்பது ஆண்டுகளில் புராணத்தையும் காப்பியத்தையும் கையில் எடுத்தபோது செய்த பெரிய காரியம், திரை தூக்குவதை அந்த ஒரு நாள் தள்ளிப்போட்டதுதான். பெண்ணியம், பின்நவீனத்துவம் என்று அதற்குப் பல பேர் வைத்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு நாள் கணக்கே முக்கியமாகப் படுகிறது. அது ஏன் முக்கியம் என்பதைக் காத்திவாக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒற்றியூரிலிருந்து எர்ணாவூரைத் தாண்டினால் காத்திவாக்கம். 2011 வரை தனி நகராட்சி, இப்போது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்தில் ஒரு பகுதி. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் வரை மீனவர் குப்பங்கள். அவற்றின் தலைக்கு மேலே 1970 முதல் 2017 வரை புகைவிட்ட 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம். இந்தக் கரையின் அழிவுக்கு ஒரே ஒரு தேதி கிடையாது. சோழமண்டலக் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களின் நடுவில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தது, கருங்கல்லைக் கொட்டித்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006இல் திரும்ப வைத்தார்கள், நடுவில் அரசியல் அனல் பறந்தது. சிலம்பேந்திய அந்தச் சிலையையொட்டி விரியும் மணலில் ஒரு பெரும்பங்கு ஒற்றியூர்க் கரைக்கு வந்திருக்க வேண்டியது என்று அப்போது யாரும் பேசியதாக நினைவில்லை. நகரத்தின் தென்பாதிக்கு நிமிர்ந்து நிற்கும் கண்ணகி, வடபாதிக்குக் கிணற்றுக்குள் இருக்கும் கண்ணகி.

தேதியுள்ள அழிவுகளும் உண்டு. 2004 சுனாமி. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கழிமுகத்துக்கு இறங்கிய எண்ணெய். அதே மாதம் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய ஓட்டம். டிசம்பர் எண்ணெய்க்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000. ஒன்றும் தராததற்கு இது மேல்தான். ஆனால் கணக்கின் அலகைக் கவனியுங்கள்: குடும்பம், படகு. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் பெண்ணிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. அவள் கருவி அவள் பத்து விரல். கூடையில் மீன் எடுத்துத் தெருவில் கூவி விற்பவளுக்கு, எண்ணெய்ச் செய்தி வந்த வாரத்தில் விட்டுப்போன வாடிக்கை எந்தப் பட்டியலிலும் ஏறாது. நிவாரணக் கணக்கும் காப்பியத்தைப் போலவே சம்பவத்தன்று முடிந்துவிடுகிறது.

காப்பியம் அப்படித்தான் முடிகிறதா என்று சரியாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சிலப்பதிகாரத்தை மேடையில் பார்த்தே தெரிந்துகொண்ட நமக்கு வழக்குரை காதையோடு எல்லாம் முடிந்த மாதிரி ஒரு நினைப்பு. முப்பது காதைகளில் இருபதாவதுதான் அது. மதுரை எரிந்ததும் மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் விளக்கம் சொல்கிறது: போன பிறவியில் கோவலன் பரதன் என்ற பேரில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்தான், சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் கதறித் திரிந்து சாபமிட்டாள், அதன் பலன் இது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் இதே பெண் திறந்த சபையில் சாட்சியம் வைத்து வழக்கில் வென்றிருந்தாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியுடையது முத்து, உடைத்துப் பார் என்று. அரசன் தன் தவறை ஒப்புக்கொண்டு விழுந்து செத்தான். அப்படி நிரூபணமான குற்றத்தின் மேல் ஊழ்வினை என்ற போர்வை வந்து விழுகிறது. ஒற்றியூர்ப் பாறையின் முதல் வடிவம் அது. மதுரை எப்படி மீண்டது என்பதற்குக் காப்பியத்தின் பதில் இன்னும் பயங்கரம். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலி கொடுத்தான், மழை பெய்தது, நோய் நீங்கியது. ஆயிரம் வீட்டுப் பெண்கள் அன்று தாலியறுத்தார்கள் என்று கூட்டிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனாலும் இளங்கோ கெட்டிக்காரர். வஞ்சிக் காண்டத்தின் கடைசிப் பக்கம், வாழ்த்துக் காதையில், புகாரிலிருந்தும் மதுரையிலிருந்தும் சில பெண்களை நடத்திக் கொண்டுவந்து சேர்க்கிறார். கண்ணகியின் தோழி தேவந்தி, அவளை வளர்த்த காவற்பெண்டு, அடித்தோழி, ஆய்ப்பாடி ஐயை. மாதரி வீட்டில்தான் கண்ணகி கடைசியாகச் சமைத்தாள். அடைக்கலம் கொடுத்தும் காப்பாற்ற முடியாத குற்ற உணர்வில் மாதரி தீயில் இறங்கினாள். ஐயை அவள் மகள். கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் சேதி கேட்டதும் செத்தார்கள், தகப்பன்மார் துறவு பூண்டார்கள், மாதவியும் துறந்தாள். இத்தனையையும் அந்தப் பெண்கள்தாம் வந்து, புலம்பிப் பாடி, சொல்லி முடிக்கிறார்கள். செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கனகவிசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்த கதைக்கு நாம் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கை ஐயைக்குக் கொடுத்ததில்லை. மறுநாளின் விதை மூலத்திலேயே கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதை யார் நட்டு வளர்த்தார்கள் என்பதே அடுத்த கேள்வி.

கூத்து ஓரளவு வளர்த்தது. வடதமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் வாசித்து, இரவுகளில் கூத்தாடி, கடைசியில் படுகளம். துரியோதனன் மல்லாந்து கிடப்பதாக மண்ணால் ஒரு பெரிய உருவம் செய்வார்கள். தொடையில் சிவப்பு நீர் மறைத்து வைத்திருக்கும். வீமன் வேடக்காரர் அடித்ததும் அது பொங்கும், திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். சபதம் நிறைவேறியது, கதை முடிந்தது என்று எழுந்து போகலாம். கூத்து எழுந்து போவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து படுகளத்தில் ஒப்பாரி வைப்பாள். வேடம் கட்டியவர் ஆண்தான், ஆனால் அந்த ஒப்பாரியின் சொல்லும் ராகமும் ஊர்ப் பெண்களுடையது. வில்லன் என்று விடிய விடிய வைத பிறகு அவன் விதவையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு ஊரே உட்கார்ந்திருக்கும். அப்புறம் பெண்கள் அந்த மண் உடம்பிலிருந்து பிடி மண் எடுத்துப் போய்க் குதிரிலும் வயலிலும் போடுவார்கள். கொன்றவன் யார், செத்தவன் யார் என்பது போய், அந்த மண் வரும் போகத்துக்கு உரமாகிவிடுகிறது. அழிவுக்குப் பிறகு எழுவது என்பதைத் தத்துவமாகப் பேசாமல் கைப்பிடி மண்ணாகக் காட்டிய மரபு அது.

நவீன நாடகம் இந்த இடத்தில்தான் வந்து சேர்ந்தது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை புரிசைக் கூத்தின் உடல்மொழியை நகரத்துக்குக் கொண்டுவந்தது தெரிந்த கதை. இங்கே நமக்கு வேண்டியது சே. இராமானுஜத்தின் வெறியாட்டம். தேசிய நாடகப் பள்ளியில் படித்துத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த அவர், யூரிப்பிடீஸின் ட்ரோஜன் பெண்கள் நாடகத்தைத் தமிழாக்கியபோது அதன் எலும்பாக ஒப்பாரியை வைத்தார். மூல நாடகம் கி.மு. 415இல் ஏதென்ஸில் அரங்கேறியது. அதற்குச் சற்று முன்புதான் ஏதென்ஸ் மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக விற்றிருந்தது. அந்த ஊர் அரங்கிலேயே, அந்தப் படைவீரர்கள் உட்கார்ந்து பார்க்கும்போதே, தோற்ற பெண்களின் மறுநாளை யூரிப்பிடீஸ் காட்டினார். ட்ராய் எரிந்துவிட்டது, யார் யாருக்கு அடிமை என்று சீட்டுக் குலுக்குகிறார்கள், ஹெக்டரின் சின்ன மகனைக் கோட்டைச் சுவரிலிருந்து தள்ளிக் கொல்கிறார்கள், பெட்டி இல்லாததால் அவன் அப்பாவின் கேடயத்தில் வைத்துப் பாட்டி ஹெக்குபா புதைக்கிறாள். போட்டியில் நாடகத்துக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது, அதற்காக ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ஒப்பாரி அந்த நாடகத்துக்குப் பொருந்தியது வெறும் சோக ராகத்தால் இல்லை. ஒப்பாரியில் செத்தவரைப் புகழ்வது பாதி, மீதி வழக்கு. சீர் செய்யாத அண்ணன், நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட பங்காளி, கடைசி நாளில் எட்டிப் பார்க்காத மருமகள் எல்லார் பேரும் அதில் வரும். மற்ற நாளில் வாய் திறந்தால் அடி விழும் விஷயம், பிணம் நடுவில் கிடக்கும்போது பாட்டாக வந்தால் யாரும் குறுக்கே பேச முடியாது. வடசென்னையில் சாவு வீட்டில் ஆண்கள் பாடும் மரண கானா இன்னொரு வகை. அதில் வாழ்க்கையின் நிலையாமை அதிகம், வழக்கு குறைவு. பெண்களின் ஒப்பாரி அடிப்படையில் சாட்சியம். அது புலம்பல் என்று பேர் வாங்கிக்கொண்டதால் தப்பித்துக் கிடந்த சாட்சியம். அதைப் பிணத்தின் பக்கத்திலிருந்து எடுத்து மேடையில் வைத்ததும், சாவு வீட்டின் சலுகை அரங்கத்துக்கும் வந்துவிட்டது. கேட்பவர் குறுக்கே பேச முடியாமல் உட்கார வேண்டியதாயிற்று.

வேறு பெண்களும் இந்த வழியாக வந்தார்கள். அ. மங்கையின் பனித்தீ அம்பையையும் சிகண்டியையும் எடுத்துக்கொண்டது. தூக்கிச் செல்லப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, யாரும் ஏற்காமல் நின்ற பெண்ணுக்கு அடுத்த பிறவியில் பழிவாங்கல் ஒன்றைத்தான் பாரதம் வழியாக வைத்திருக்கிறது என்பதை அது உறுத்தலோடு பார்த்தது. இன்குலாப் மணிமேகலையை நாடகமாக எழுதினார். அந்தத் தேர்வு கூர்மையானது. புகாரைக் கடல் கொண்டபின் நடமாடும் பெண் கண்ணகி வீட்டுப் பெண் இல்லை, மாதவி மகள். அவள் கையில் இருப்பது தீயில்லை, சோறு. கடல்கோளுக்கு முன்பே சிறைச்சாலையை அறச்சாலையாக்கச் சொல்லிக் கேட்டு வாங்குகிறாள், பிறகு பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு ஓடுகிறாள். கடல்கோளுக்குக் காரணம் அரசன் மகனை இழந்த துயரத்தில் இந்திர விழாவை மறந்தது என்று காப்பியம் சொல்லிக்கொள்ளட்டும். மணிமேகலை அந்த விசாரணையில் நேரத்தைக் கழிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே மறுநாளை எழுதினார். 1985இல் மண் சுமந்த மேனியர். பிறகு போர் மனத்தில் விட்ட வடுவைப் பேசிய அன்னை இட்ட தீ. அந்தத் தலைப்பு, தாயின் சிதைக்கு நெருப்பு வைத்த பட்டினத்தார் பாடியதாக வழங்கும் பாட்டிலிருந்து வந்தது. திரிபுரம் எரிந்த தீ, இலங்கை எரிந்த தீ என்று புராணத் தீயை எண்ணிக்கொண்டே வந்து, அன்னை அடிவயிற்றில் இட்ட தீயைத் தொட்டு, தானே இட்ட தீயில் நிற்கும் பாட்டு. அதைப் பாடியவரின் சமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில், அலைக்கு அஞ்சும் தூரத்தில் இருக்கிறது. ஒற்றியூரில் அடங்கியவரின் ஒரு சொல் யாழ்ப்பாணத்தில் போய் வேலை செய்திருக்கிறது.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு, லேசான மறுப்புமில்லை. எண்ணூர் விஷயத்தில் குற்றவாளிகள் புராண புருஷர்களில்லை. குழாய்க்கு உரிமையாளர் உண்டு, மின் நிலையச் சாம்பல் கொட்டியதற்குத் தேதி உண்டு, தீர்ப்பாயத்தில் வழக்கெண் உண்டு. அங்கே போய்க் கண்ணகி, மணிமேகலை என்று பேசுவது விஷயத்தை மேகத்தில் ஏற்றிவிடாதா? ஏற்றிவிடலாம். ஊழ்வினையைச் சேர்த்து எடுத்தால் கட்டாயம் ஏற்றிவிடும். ஆனால் வழக்குரை காதையை மட்டும் எடுத்துப் பாருங்கள்: அது கோபத்தின் கதையாவதற்கு முன்னால் தடயத்தின் கதை. பரல் எது என்று உடைத்துக் காட்டிய பிறகே எரிக்கிறாள். எண்ணெய் தங்கள் இடத்திலிருந்து வரவில்லை என்று சொல்லப்படும் ஊரில், தண்ணீர் மாதிரியைப் பாட்டிலில் பிடித்து வைக்கும் பெண்ணுக்கு அந்தப் பகுதி நன்றாகவே புரியும். நல்ல நாடகக்காரர் புராணத்தில் எதை எடுக்கிறார், எதை விடுகிறார் என்பதில்தான் விஷயம்.

நகரத்து அரங்கில் நூறு பேர் பார்த்துக் கைதட்டும் நாடகத்துக்கும் நெட்டுக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அடுத்தது. இதில் பாதிக்கு மேல் உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 தொடக்கத்தில் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னை புறம்போக்குப் பாடல் எண்ணூர்க் கழிமுகத்திலேயே படமாக்கப்பட்டது. ஊர் பார்த்திராத எண்ணூரை அது பார்க்க வைத்தது, சரி, ஆனாலும் பாடுபவர் வெளியிலிருந்து வந்தவர். நவீன நாடகம் ஒப்பாரியைக் குப்பத்திலிருந்தும் சேரியிலிருந்தும் கடன் வாங்கியது. வட்டி கட்டியதா என்பது சந்தேகம். கடனைத் திருப்பும் வழி ஒன்று உலகத்தில் நடந்திருக்கிறது. 2013இல் ஜோர்டானின் அம்மான் நகரில் சிரியாவிலிருந்து அகதிகளாக வந்த பெண்களே ட்ரோஜன் பெண்கள் நாடகத்தை எடுத்து, தங்கள் சொந்தச் சேதிகளை ஹெக்குபாவின் வசனத்தோடு பின்னி நடித்தார்கள். மேடை ஏறியதே இல்லாதவர்கள். அதைப் போன்ற ஒன்று நடக்கும்போதுதான் அந்த மறுப்புக்கு முழுப் பதில் கிடைக்கும்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு மிகவும் கனமானது. பெண்கள் மீண்டு எழுகிறார்கள் என்று பாராட்டுவதே குற்றவாளிக்குச் செய்யும் உதவி. தானாகத் துளிர்க்கும் மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையின் குடும்பங்களை ஒற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகையில் வைத்தார்கள். அது மழையில் மூழ்கியது, நெருப்பில் எரிந்தது. பிறகு எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு. 2007 ஜனவரியில் அங்கே ஒரு விஷயம் வெளியே வந்தது: அந்தக் குடியிருப்புப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். ஆண்களுக்குக் கடலில் வேலை இல்லை, கடன்காரன் வாசலில், தரகன் சொன்ன தொகை முழுதாகக் கைக்கு வந்ததும் இல்லை. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. காப்பியத்துப் பெண் தன் உடம்பிலிருந்து ஒன்றைத் திருகி எறிந்து ஊரை எரித்தாள்; எர்ணாவூர்ப் பெண் தன் உடம்பிலிருந்து ஒன்றை அறுத்துக் கொடுத்து அடுப்பை எரிய வைத்தாள். இதை மீள்வு என்று யாராவது மேடையில் கொண்டாடினால் எழுந்து வெளியே போய்விடுவதே மரியாதை.

ஆனால் நல்ல மறுநாள் நாடகங்கள் அதைக் கொண்டாடுவதில்லை. ட்ரோஜன் பெண்களில் ஒருத்தியும் மீள்வதில்லை. கப்பல் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். மணிமேகலையிலும் ஒரு நுட்பம் உண்டு. அவள் கைப்பாத்திரமான அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது, ஆனால் தானாக நிறையாது. பத்தினிப் பெண் ஆதிரை முதல் பிச்சையை இட வேண்டும். அதற்குப் பிறகே அது சுரக்கும். கையில் பாத்திரம் வைத்திருப்பவளே அதை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் எழுதவில்லை. ஆணின் கடனைத் தன் உடம்பால் அடைக்கச் சொல்வதும் அதில் இல்லை. மறுநாளைக் காட்டுவது என்றால் யார் அந்த முதல் பிடியை இட்டார்கள், யார் இடவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டுவது. நாடகம் அதைச் செய்தால் நிவாரணப் பட்டியலில் விட்டுப்போன வரி தானாகத் தெரியும்.

இந்தக் கரைக்கு ஒரு நாடகக்காரர் வந்தால் கண்ணகியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. அவளைத் தெய்வமாக்கினார்கள், சிலையாக்கினார்கள், கட்சிச் சின்னம் போல ஆக்கினார்கள். 2000இல் நகரத்துக் குடிசைகளைப் பெயர்த்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டிய இடத்துக்கும் அவள் பேரையே வைத்தார்கள். அவளிடம் இனி எடுக்க மிச்சம் குறைவு. சங்கிலியார் இருக்கிறார். எரிக்காதவர், சபிக்காதவர், வாக்குக் கொடுக்கப்பட்டு விடப்பட்டவர். ஆலை வந்தால் வீட்டுக்கு ஒரு வேலை, துறைமுகம் வந்தால் ஊர் செழிக்கும் என்று வாக்கு வாங்கியே பழகிய கரைக்கு அவர் கதை நெருக்கமானது. அதில் ஒரு சின்னச் சங்கதியைப் பெரியபுராணம் மறைக்காமல் சொல்கிறது. சுந்தரர் சத்தியத்தை ஏய்க்கத் திட்டமிட்டார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும், வெறும் சந்நிதியில் செய்த சத்தியம் கட்டாது என்று சிவனிடமே சொல்லி வைத்தார். சிவன் சங்கிலியாருக்கு அதைச் சொல்லிவிட்டார். மறுநாள் சுந்தரர் கோயிலுக்குள் நுழைந்ததும் தோழிமார் குறுக்கே வந்தார்கள். சந்நிதி வேண்டாம், மகிழடியில் செய்து கொடுத்தால் போதும் என்றார்கள். சாட்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, சத்தியத்தை அங்கே வாங்கிய பெண். அவர் எல்லை தாண்டிப் போய்விட்டார், கண் போன சேதியும் வந்துவிட்டது. பொழுது விடிகிறது. மரம் அங்கேயே நிற்கிறது, அதன் கீழே தோழிமார் கூடியிருக்கிறார்கள்.